வர்தா நாளில் ஒரு லாரி பாட்டரி



2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. வர்தா புயல் வந்த அந்த நாளை நம் புழல் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. 1994 முதல் ஓடும் வட சென்னை அனல் மின் நிலையம் நமக்கு வடக்கே அத்திப்பட்டில்தான் இருக்கிறது. இருந்தும் என்ன, எங்கள் தெருவுக்கு ஐந்தாம் நாள்தான் கரண்ட் வந்தது.

பாரிஸில் இருந்த என் அக்காவுக்கு 14-ம் தேதி ஆபரேஷன். "அதுக்கு முன்னாடி உன் முகத்தைப் பாத்துடணும் தம்பி" என்று சொல்லியிருந்தாள். 13-ம் தேதி இரவு ஏழு மணிக்கு லாப்டாப்பில் பேசுவதாக ஏற்பாடு. புயலில் கைபேசி செத்துவிட்டது. வீட்டுத் தொலைபேசியில் மட்டும் டயல் டோன் இருந்தது. ஐ.எஸ்.டி. வசதி இல்லாத இணைப்பு என்றாலும் இன்டர்நெட் அந்தக் கம்பியில்தான் வந்தது. ஆகவே தைரியமாக இருந்தேன்.

ஆனால் முட்டாள்தனம் ஒன்று செய்தேன். முதல் நாள் இரவு முழுக்க இன்வெர்ட்டரில் இரண்டு மின்விசிறியும் விளக்குகளும் ஓடவிட்டேன். விடிவதற்குள் அது கீச்சிட்டு அடங்கிவிட்டது. தொலைபேசிக்கு உயிர் இருந்தது, மோடத்துக்கு இல்லை.

ஏன் இப்படி? இதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருக்கிறது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் முசியே கரும்பலகையில் இரண்டு ஈயத் தகடுகளை வரைந்து, பக்கத்தில் 'அக்யுமுலாத்தர்' என்று எழுதியது இன்னும் கண்ணில் நிற்கிறது. சேர்த்து வைப்பது என்று பொருள். 1859-ல் இதைச் செய்தவர் கஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர். இரண்டு ஈயத் தகடுகளை நடுவில் தடுப்பு வைத்துச் சுருட்டி, கந்தக அமிலத்தில் வைத்தார். அதற்கு முந்தைய பாட்டரிகள் தீர்ந்தால் தீர்ந்ததுதான். இதில் மட்டும் மின்சாரத்தைத் திரும்பவும் ஏற்ற முடிந்தது. 1881-ல் கமீல் ஃபோர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் தகட்டில் ஈயப் பசையைப் பூசி அதைப் பெருமளவில் செய்ய வழி காட்டினார். இன்று நம் இன்வெர்ட்டரின் கீழே இருப்பது அதன் பேரப்பிள்ளைதான்.

நம் ராயபுரம் ரயில் நிலையம் திறந்தது 1856-ல், அதாவது பிளாந்தேக்கு மூன்று வருடம் முன்பு. ரயில் பெட்டியில் மின்விளக்கு எரிய வேண்டுமானால் பெட்டி தன் மின்சாரத்தைத் தானே சுமக்க வேண்டும். பிற்பாடு வந்த ஏற்பாட்டில், பெட்டியின் அச்சிலிருந்து ஒரு பெல்ட் டைனமோவைச் சுற்றும். டைனமோ அடியில் உள்ள பாட்டரிகளை நிரப்பும். வண்டி நிற்கும்போது அந்தப் பாட்டரிகள் விளக்கை எரிக்கும். ஸ்டேஷனில் வண்டி நின்றதும் விளக்கு மங்குவது என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். லாரியிலும் இதே முறைதான். இப்போது வெளிநாடுகளில் வேனையே வீடாக்கிக்கொண்டு, அதிலேயே லாப்டாப்பில் வேலை பார்ப்பவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

தொலைபேசி மட்டும் வேறு வழியில் போனது. கையால் சுற்றும் பழைய டெலிபோனில் பேசுவதற்கான பாட்டரி அவரவர் வீட்டுப் பெட்டியிலேயே இருந்தது. பிறகு அதை எடுத்துவிட்டு, எக்ஸ்சேஞ்சில் 48 வோல்ட் பாட்டரி வரிசை வைத்தார்கள். குரலும் மின்சாரமும் ஒரே கம்பியில் வந்தன. அதனால்தான் ஆபீசில் கரண்ட் போனாலும் போன் மட்டும் அடிக்கும். அதை நாம் ஒரு அதிசயமாகவே நினைத்ததில்லை.

இன்டர்நெட் வந்ததும் கணக்கு மாறிவிட்டது. மோடத்துக்கு நம் வீட்டுக் கரண்ட் வேண்டும். இப்போது வரும் கண்ணாடி இழையில் ஒளிதான் வரும், மின்சாரம் வராது. ஆக, பாட்டரி மறுபடியும் நம் வீட்டுக்கே வந்துவிட்டது. நாம் எல்லோரும் ஒரு ரயில் பெட்டியைப் போல ஆகிவிட்டோம்.

அன்று இதையெல்லாம் யோசிக்கும் நிலையில் நான் இல்லை. எதிர் வீட்டு லாரி டிரைவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். ஜி.என்.டி. சாலையில் மரம் விழுந்து கிடந்ததால் அவர் வண்டி நகர முடியாமல் நின்றிருந்தது. லாரிக்கு 12 வோல்ட் பாட்டரி இரண்டு. ஒன்றைக் கழற்றி, கிளீனரோடு சேர்ந்து சுமந்து வந்து என் இன்வெர்ட்டரில் மாட்டினார். "ஃபேன் போட்றாதீங்க பெரியவரே. இதை வச்சுத்தான் நான் வண்டி ஸ்டார்ட் பண்ணணும்" என்றார்.

மோடத்தையும் லாப்டாப்பையும் மட்டும் போட்டேன். ஏழு மணிக்கு அக்கா வந்தாள். பதினோரு நிமிடம் பேசினோம். "இருட்டுல உக்காந்திருக்கியே, சாப்டியா?" என்று என்னைத்தான் கேட்டாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதன் பிறகு நான்கு வருடம் இருந்தாள்.

குமாஸ்தா புத்தி, பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 150 ஆம்பியர்-மணி பாட்டரியில் ஏட்டளவில் 1,800 வாட்-மணி. ஈய பாட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். எனவே கையில் 900 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு விசிறிக்கே 150 வாட். ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும். மோடம் 12 வாட், லாப்டாப் 40 வாட் என்றால் பதினேழு மணி நேரம் வரும். 12 வோல்ட் பாட்டரியை 230 ஆக்கி, மோடத்துக்காகத் திரும்பவும் 12 ஆக்கும்போது ஒவ்வொரு மாற்றத்திலும் கொஞ்சம் சூடாகப் போய்விடும். எனவே இப்போது என் மோடத்துக்கென்று தனியாக ஒரு சின்ன 12 வோல்ட் பாட்டரி வைத்திருக்கிறேன். இதை நீங்களும் செய்யலாம். ஆனால் மோடத்தின் அடியில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள், ஃபியூஸ் இல்லாமல் மாட்டாதீர்கள்.

ஐப்பசி பிறந்ததும் பாட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது இப்போது என் வேலை. தூரத்தில் பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் இருப்பவர்கள் எல்லோரும் மழைக்கு முன் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.