கலைத் திருட்டில் சிக்கியவருக்கு ஒரு நாற்காலி

1923 டிசம்பர். கம்போடியக் காட்டுக்குள் பந்தியாய் ஸ்ரீ சிவன் கோயில் இடிந்து கிடந்தது. அங்கே வந்து சேர்ந்த பிரெஞ்சுக்காரருக்கு வயது 22. மனைவியின் சொத்தைப் பங்குச் சந்தையில் போட்டுத் தொலைத்தவர். தேவதைச் சிற்பங்களைப் பெயர்த்து விற்றால் இழந்ததை மீட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டார். ரம்பங்கள் முறிந்தன, உளியும் கடப்பாரையும் கைகொடுத்தன. கற்கள் மாட்டு வண்டியேறி, படகேறி நோம் பென் வந்தன. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, போலீசும் வந்தது.

தீர்ப்பு, மூன்றாண்டுச் சிறை. மனைவி கிளாரா பாரிசுக்கு ஓடினார். ஆந்த்ரே ழீத் உள்ளிட்ட எழுத்தாளர்கள் விடுதலை கேட்டுக் கையெழுத்திட்டார்கள். மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. தப்பித்தவர் பேனாவைப் பிடித்தார். 1933-இல் கோன்கூர் பரிசே கிடைத்தது. ஆந்த்ரே மால்ரோ என்ற பெயர் ஊரறிந்த பெயரானது. ஆனால், அவருக்கு அரசியல் ஆசை வந்தது.

1945-இல் பிரெஞ்சு அரசின் தலைவராக இருந்த டி கோல் அவரைத் தகவல் அமைச்சராக்கினார். சில வாரங்களிலேயே டி கோல் பதவி விலக, மால்ரோவின் நாற்காலியும் போயிற்று. 12 ஆண்டு காத்திருப்புக்குப் பின், 1958-இல் டி கோல் ஆட்சிக்குத் திரும்ப, மறுபடி அதே இலாகா. அதிலும் ஒரு மாதம் போலத்தான் நீடித்தார். அடுத்த ஜனவரியில் மிஷெல் தெப்ரே பிரதமரானபோது பெரிய சிக்கல் ஒன்று காத்திருந்தது: மால்ரோவை எங்கே உட்காரவைப்பது?

அவரைக் கைவிட டி கோலுக்கு மனமில்லை. அவருக்கென்றே புதிதாக ஓர் இலாகாவை ஒட்டுப்போட்டுத் தைத்தார்கள். கலையும் கட்டடக்கலையும் ஆவணக் காப்பகமும் கல்வித் துறையிலிருந்து வந்தன. சினிமா தொழில் துறையிலிருந்து வந்தது. நூலகங்களைக் கல்வித் துறை விட்டுக்கொடுக்கவில்லை. தலைசிறந்த படைப்புகளை இயன்றவரை அதிகமான மக்களிடம் சேர்ப்பதே அதன் பணி என்று 1959 ஜூலை 24 அரசாணை சொன்னது. இன்று பல நாடுகளில் சாதாரணமாகிவிட்ட பண்பாட்டு அமைச்சகம், பிரான்சில் பிறந்தது இப்படித்தான். பெயர் வந்துவிட்டது, ஆளும் பணமும் எங்கே?

பணம், அரசு பட்ஜெட்டில் அரை சதவீதத்தைக்கூட எட்டவில்லை. ஆளுக்கு வரலாறு வழிவிட்டது. ஆப்பிரிக்கக் காலனிகள் விடுதலையாக, அங்கிருந்து திரும்பிய அதிகாரிகள் வேலை தேடி நின்றார்கள். எமில் பியாசினி போன்றவர்களை மால்ரோ வாரி எடுத்துக்கொண்டார். லு ஆவ்ர், பூர்ஜ் நகரங்களில் பண்பாட்டு இல்லங்கள் திறந்தன. நகரங்களின் பழம்பகுதிகளை இடிக்காமல் காக்க 1962-இல் வந்த சட்டத்துக்கு மால்ரோவின் பெயரே நிலைத்தது. 1969-இல் டி கோல் பதவி விலகினார், மால்ரோவும் வெளியேறினார். ஒரே ஆளின் அளவுக்குத் தைத்த இலாகாவை அடுத்து வருபவர்கள் கலைத்துவிடுவார்களா?

கலைக்கவில்லை. 1981-இல் ஜாக் லாங் அமைச்சரானதும் பட்ஜெட்டையே இரட்டிப்பாக்கினார். படக்கதை, ராக் இசை, ஆடை வடிவமைப்பு எல்லாம் அமைச்சகத்தின் கணக்கில் ஏறின; கலை என்பது வருமானம் தரும் தொழிலும்தான் என்று அரசே பேசத் தொடங்கியது. 1982 ஜூன் 21-இல் அமைச்சகம் தொடங்கிய இசை விழா இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது.