சாம்பல் நோய் (வீட்டுக் காய்கறித் தோட்டம்)

சாம்பல் நோய் என்பது எரிசிஃபேல்ஸ் வரிசைப் பூஞ்சைகள் இலை, தண்டு ஆகியவற்றின்மேல் வெண்பொடி போலப் படர்வதால் உண்டாகும் பயிர்நோய்.

வகைகள்: இப்பூஞ்சைகள் உயிருள்ள திசுவில் மட்டுமே வளரும், ஒவ்வோர் இனமும் குறிப்பிட்ட பயிர்களையே தாக்கும். பூசணி, வெள்ளரி வகைகளைப் போடோஸ்பேரா சாந்தியும், மிளகாயை லெவெய்லுலா டாரிகாவும் தாக்குகின்றன. வெண்டையிலும் இந்நோய் பரவலாகக் காணப்படும்.

அறிகுறிகள்: இலையில் வட்டமான வெண்திட்டுகள் தோன்றி ஒன்றுசேரும், பின்னர் இலை மஞ்சளாகிக் காயும். மிளகாயில் வெண்பூச்சு இலையின் அடிப்புறத்தில் தோன்றி, இலைகள் உதிரும். எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதி மாடித் தோட்டங்களில் தொழிற்சாலைத் தூசியும் அனல்மின் நிலையச் சாம்பலும் இலைகளில் படிந்து இந்நோய்போலத் தோன்றக்கூடும். அவை நீரில் கழுவினால் நீங்கும். ஆனால் நோய்த்திட்டுகள் கழுவினாலும் மீண்டும் படரும்.

பரவல்: வித்துகள் காற்றில் பரவுகின்றன. பல பூஞ்சை நோய்களைப் போலன்றி, இது பரவ இலை நனைந்திருக்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் வரும் மிதமான, பனி மிகுந்த மாதங்கள், நிழல், செடி நெருக்கம் ஆகியவை சாதகமானவை.

கட்டுப்பாடு: தொட்டிகளை இடைவெளிவிட்டு வெயிலில் வைத்தல், தாக்குண்ட இலைகளை அகற்றுதல், தழைச்சத்தை மிகாது இடுதல் ஆகியன முதற்படிகள். வெண்டைக்கு லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம் தெளிக்கலாம். கடும் வெயிலில் தெளித்தால் இலை கருகும். பூசணி வகைகள் கந்தகத்தைத் தாங்காமல் கருகக்கூடும்.

வரலாறு: 1845இல் இங்கிலாந்துத் திராட்சைக் கொடிகளில் இந்நோய் கண்டறியப்பட்டபின் கந்தகப் பயன்பாடு ஐரோப்பாவில் பரவியது. பத்து விழுக்காட்டுப் பால் கரைசல் இந்நோயைக் குறைப்பதைப் பிரேசில் ஆய்வாளர் பெட்டியோல் 1999இல் வெளியிட்டார்.