நிற்கும் வண்டிக்கு வேண்டிய சாமான்

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் நிற்கும் வெளியூர் லாரியின் பக்கவாட்டுப் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு சமையலறையே இருக்கும். பம்ப் ஸ்டவ் இருந்த இடத்தில் இப்போது சின்ன கேஸ் சிலிண்டர், அடியில் கரி ஏறிய குக்கர், அரிசி, புளி, மிளகாய்த்தூள் டப்பாக்கள், தண்ணீர் கேன். கேபினில் சீட்டுக்குப் பின்னால் பலகைப் படுக்கை. நெடுந்தூரம் ஓடுகிறவர்கள், அதனால் வீட்டைக் கூடவே ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். வண்டிக்குள் குடித்தனம் வந்ததற்குத் தூரத்தைவிட நிற்க வேண்டிய கட்டாயமே காரணம் என்பேன். திருவள்ளூர் வட்டாரத்துச் சாலைகளின் பழைய கதையைப் பார்த்தால் இது விளங்கும்.

சென்னைக்கும் திருவள்ளூருக்கும் இடையே நாற்பது கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் பாரம் இழுக்கும் மாடு மணிக்கு இரண்டு மைல் நடந்தாலே அதிகம். வெயில் ஏறினால் அவிழ்த்துவிட வேண்டும். தை அமாவாசைக்கு வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க வண்டி கட்டியவர்கள் வழியில் ஓர் இரவும், கோயிலருகே இன்னோர் இரவும் தங்கியாக வேண்டும். கூண்டு வண்டியின் சாமான்கள் எல்லாம் இந்தத் தங்கலுக்கானவை. வைக்கோலைப் பரப்பி மேலே ஜமுக்காளம் விரித்தால் படுக்கை. அதே வைக்கோல்தான் மாட்டுக்குத் தீனி. சமையல் பானை ஓட்டத்துக்கு உதவாதது. ஓட்டத்துக்கென்று இருந்தது அச்சுக்குப் போடும் மசகு ஒன்றுதான். 1830 மே மாதம் சென்னையிலிருந்து திருப்பதி வழியாகக் காசிக்குப் புறப்பட்டு அடுத்த ஆண்டு செப்டம்பரில் திரும்பிய ஏனுகுல வீராசாமி, தெலுங்கில் எழுதிய பயண நூலில் ஊர் ஊராகக் குறித்து வைத்ததும் இதைத்தான்: எங்கே சத்திரம், எங்கே நல்ல தண்ணீர், எங்கே கடை. தங்கல் சரியாக அமைந்தால் வழி தானே நடந்துவிடும் என்பது அந்தக் காலத்துப் பயணியின் கணக்கு.

1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது. திருவள்ளூர் அந்தப் பாதையில் இருக்கிறது. தூரம் ஓர் அடிகூடக் குறையவில்லை. ஆனால் ரயிலில் போனவருக்கு அடுப்பும் வைக்கோலும் எதற்கு? கட்டுச்சோற்று மூட்டை போதும். தூரம்தான் காரணம் என்றால் சாமான் இப்படி ஒரேயடியாக உதிர்ந்திருக்காது.

உதிர்ந்ததையெல்லாம் லாரி திரும்பக் கொண்டுவந்தது. கல்கத்தா செல்லும் ஜி.என்.டி. சாலையில் ஆந்திர எல்லைக்கு முன்னால் எளாவூர் சோதனைச்சாவடி. அங்கே பில், பர்மிட், எடை என்று ஒவ்வொன்றுக்கும் வரிசை இருந்தது. அதைத் தாண்டினாலும், இறக்க வேண்டிய ஆலையின் கேட்டில் முறை வரும்வரை காத்திருப்பு. இறக்கிய பிறகு திரும்பும் லோடுக்காக மாதவரத்திலோ செங்குன்றத்திலோ இன்னொரு காத்திருப்பு. தார்ப்பாயின் வேலை சரக்கை மூடுவது. நிற்கும்போது அதுவே லாரிக்கு அடியில் சேஸிஸில் கட்டிய தூளியாகிவிடும். கேபின் அடுப்பாகக் கொதிக்கும் பகலில் நிழல் கிடைக்கும் ஒரே இடம் அதுதான். பங்க் குழாயடியில் குளியல், பக்கவாட்டுக் கம்பியில் காயும் லுங்கி, கிளீனர் நறுக்கும் வெங்காயம் எல்லாமே எஞ்சின் அணைந்த பிறகு நடப்பவை.

பேட்டாவை மிச்சம் பிடிக்கத்தான் சமைக்கிறார்கள், வடக்கே போனால் நம் ருசி கிடைக்காது என்பதும் ஒரு காரணம் என்று சொல்வார்கள். இரண்டும் உண்மையே. ஆனால் அவை அடுப்பை மட்டும்தான் விளக்கும். தூளியையும் தண்ணீர் கேனையும் விளக்கா. காசு மிச்சம் பிடிக்கக்கூட ஓரிடத்தில் நின்றால்தான் முடியும். ஓடும் லாரியில் யார் உலை வைப்பது?

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் வணிகவரிச் சோதனைச்சாவடிகள் எடுக்கப்பட்டன. எல்லையில் நிற்கும் நேரம் குறைந்தது. நான் சொல்வது சரியென்றால் சாமானும் குறைந்திருக்க வேண்டுமே? குறையாததற்குக் காரணம், காத்திருப்பு ஒழியாமல் இடம் மாறியதுதான். துறைமுகம் நோக்கி எண்ணூர், மணலிச் சாலைகளில் கிலோமீட்டர் கணக்கில் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டுவது செய்தித்தாள் படிப்பவர்களுக்குப் பழகிய காட்சி.

இந்தக் காத்திருப்பு சட்டத்தின் கண்ணிலும் சரியாகப் படவில்லை. 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேர வேலை என்று வரையறுத்தது. வேலை நேரம் எது என்று விளக்கும்போது, முனையங்களில் சும்மா இருக்கும் நேரத்தில் 15 நிமிடத்துக்கும் குறைவானதையே பெயர் சொல்லிச் சேர்த்தது. கேட்டில் கிடக்கும் ஒரு முழு நாள் எந்தக் கணக்கில் வரும்? 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம் என்ற விதி நல்ல விதிதான். ஆனால் வழக்கமான லாரியில் ஏ.சி. ஓட எஞ்சின் ஓட வேண்டும். நாள் முழுக்க வரிசையில் நிற்கும் லாரியில் அந்த டீசலுக்கு யார் பணம் கொடுப்பது என்று விதி சொல்லவில்லை. முதலாளி கொடுக்காதவரை, புது லாரியிலும் சேஸிஸில் தூளி கட்டத்தான் செய்வார்கள்.