சிகாகோவின் மதுக்கூடங்களும் ப்ளூஸ் கிட்டாரும்

1910களில் தொடங்கி ஏறத்தாழ 60 ஆண்டுகள் நீடித்த பெரும் குடிபெயர்வில், மிசிசிப்பிப் பருத்தி வயல்களில் விளைச்சல் பங்குக்கு உழுது கடனிலேயே உழன்ற கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றை இல்லினாய் சென்ட்ரல் ரயில் பாதை சிகாகோவில் கொண்டுவந்து சேர்த்தது. அவர்களோடு வந்த இசை ப்ளூஸ். பெரும்பாலும் பன்னிரண்டு தாளக்கட்டுகள் கொண்ட ஒரு சுற்று மீண்டும் மீண்டும் வர, பாடகர் ஓரடி பாடி நிறுத்துமிடத்தில் கிட்டார் மறுமொழி சொல்வது அதன் அமைப்பு.

1943இல் மிசிசிப்பியின் ஸ்டோவல் பண்ணையிலிருந்து சிகாகோ வந்த ப்ளூஸ் கலைஞர் மடி வாட்டர்ஸ், கிராமத்தில் வாசித்த கிட்டார் நகரத்து மதுக்கூட இரைச்சலில் எடுபடாததால் ஓரிரு ஆண்டுகளில் மின்கிட்டாருக்கு மாறினார். டி-போன் வாக்கர் போன்றோர் மின்கிட்டாரில் முன்பே ப்ளூஸ் வாசித்திருந்தனர் எனினும், வால்வு பொருத்திய சிறிய ஆம்ப்ளிஃபயரை அதன் தாங்குதிறனுக்கு மேல் முடுக்கும்போது எழும் கரகரப்பு சிகாகோ ப்ளூஸின் குரலாகவே நிலைத்ததற்கு அந்த நெரிசலான கூடங்களே முதற்காரணம் எனக் கொள்ளுதல் தகும்.

அவற்றுள் தனித்துக் குறிப்பிடத்தக்கது, தெரசா நீதம் என்ற பெண்மணி 1949 முதல் 1983 வரை சிகாகோவின் தென்புறத்து இண்டியானா அவென்யூவில், ஒரு குடியிருப்புக் கட்டடத்தின் நிலவறையில் நடத்திய தெரசாஸ் லவுஞ்ச். வேலை முடிந்து வந்த அக்கம்பக்கத்தார் கலைஞரின் கைக்கெட்டும் தொலைவில் அமர்ந்து, பிடித்த அடிக்குக் குரல் கொடுத்து, பிடிக்காததை முகத்துக்கு நேரே சொல்லிவிடுவர். அத்தகைய அவையில் அரைகுறையாக வாசித்துத் தப்ப இயலாது. 1957இல் லூசியானாவிலிருந்து வந்த பட்டி கய் இச்சூழலில் வளர்ந்தவர். கிட்டார் ஸ்லிம் என்ற முன்னோடியைப் பின்பற்றி, மிக நீண்ட இணைப்புவடத்தால் கிட்டாரை ஆம்ப்ளிஃபயருடன் இணைத்து, வாசித்துக்கொண்டே மேசைகளினூடே நடந்து தெருவரை செல்வது அவர் வழக்கம்.

இந்தக் கூடத்தின் ஒலியை இசைத்தட்டில் பிடிக்க முயன்ற அரிய பதிவு, 1965இல் டெல்மார்க் நிறுவனம் வெளியிட்ட, பாடகரும் ஹார்மோனிகா கலைஞருமான ஜூனியர் வெல்ஸின் ‘ஹூடூ மேன் ப்ளூஸ்’. அதில் கிட்டார் வாசித்த பட்டி கய், வேறு நிறுவனத்துடன் ஒப்பந்தம் இருந்தமையால் ‘நட்பான ஆள்’ என்னும் பொருள்படும் புனைபெயரில் குறிக்கப்பட்டார். பதிவின் நடுவே அவருடைய ஆம்ப்ளிஃபயர் பழுதாக, கிட்டாரை ஆர்கனுக்குரிய சுழல் ஒலிபெருக்கியில் இணைத்துச் சமாளித்தனர். சில பாடல்களில் கேட்கும் அலையலையான நடுக்கத்திற்கு இதுவே காரணம். ஏறத்தாழ ஐந்து நிமிடப் பாடலையும் சுருக்காமல் விட்ட அத்தட்டு, அக்காலத்து ஒலிப்பதிவுகளுள் மதுக்கூட ப்ளூஸுக்கு மிக அணுக்கமானது.

ஆனால் இக்கூடங்களை நிரப்பிய உழைப்பாளரின் வேலைகள் மறையத் தொடங்கின: 1971இல் சிகாகோவின் இறைச்சிக்கூடத் தொகுதியாகிய யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் மூடப்பட்டது; எஃகு ஆலைகளும் பின்னர் சரிந்தன; இளைஞர் சோல் இசையை நாடினர். 1972இல் பட்டி கய் பங்குதாரராக இருந்து 43ஆம் தெருவில் தொடங்கப்பட்ட செக்கர்போர்டு லவுஞ்சுக்கு 1981 நவம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் உறுப்பினரே வந்து மடி வாட்டர்ஸுடன் வாசித்தபோதிலும், அப்பகுதிக் கூடங்களின் நலிவு நிற்கவில்லை. நிலையான ஊதியம் நகரின் வடபுறக் கிளப்புகளில்தான் கிடைத்தது என்பதால், தென்புறக் கலைஞர் பலர் மாணவரும் சுற்றுலாப் பயணியரும் நிரம்பிய அந்த அவைகளுக்கு வாசிக்கச் சென்றனர்.