பேரீச்சம்பழம் கிடைக்காத பொருள்கள்

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழேய்!"

இந்தக் குரல் தெருமுனையில் கேட்டதுமே நாங்கள் விளையாட்டைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடுவோம். அறுபதுகளின் மதுரை அது. துருப்பிடித்த ஆணி, சாவி தொலைந்த பூட்டு, ஓட்டை விழுந்த ஈயப் பாத்திரம் என்று அகப்பட்டதை அள்ளிக்கொண்டு வருவோம். (அலுமினியத்தைத்தான் ஈயம் என்போம்.) ஒருமுறை நல்ல பூட்டையே கொடுத்துப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றுவிட்டேன். அம்மாவிடம் வாங்கியது வேறு கதை.

மறுசுழற்சி என்ற சொல் அப்போது எங்கள் யாருக்கும் தெரியாது. ஆனால் வீட்டில் எது மிஞ்சினாலும் அதைக் கேட்டு ஓர் ஆள் வருவார். செய்தித்தாள் மளிகைக்கடைக்குப் போய்ப் பொட்டலமாகத் திரும்பி வரும். கழுநீரும் காய்கறித் தோலும் பால்காரர் வீட்டு மாட்டுக்கு. பழைய துணிக்கு எவர்சில்வர் கிண்ணம் தரும் அம்மாள் வருவார். பட்டுச்சேலை கிழிந்தால் ஜரிகைக்காகவே வாங்குபவர் இருந்தார். அடுப்புச் சாம்பல் பாத்திரம் தேய்க்கப் போய்விடும். எல்லாம் போக மிஞ்சுவது ஒரு முறம் தூசியும் உடைந்த ஓடும்தான்.

அது பொற்காலம் என்று சொல்ல வரவில்லை. அந்த ஒரு முறத்தையும் தெருக்கோடியில் கொட்டினோம். அதை அள்ளியவர்கள் யார், ஏன் எப்போதும் அவர்களே அள்ளினார்கள் என்று எங்கள் தெருவில் ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் பொருளுக்கு விலை இருந்ததால் அம்மா அவற்றைத் தனித்தனியாக வைத்தார். சட்டம் எதுவும் சொல்லித் தரவில்லை.

விலையில்லாத பொருள் பிறகுதான் வந்தது. அது நம் கடலூரிலிருந்தே வந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் அடைத்துச் சாமானியர் கைக்கு எட்டச் செய்தவர் என்று கடலூர் சின்னிகிருஷ்ணனைச் சொல்வார்கள். அவர் மகன் ரங்கநாதன் 1983இல் தொடங்கிய சிக் ஷாம்பு ஊர் ஊராகப் போயிற்று. நானும் வாங்கினேன். பாட்டில் ஷாம்பு பணக்காரர் பொருளாக இருந்த காலத்தில் என் மனைவியிடம் ஒரு பாக்கெட்டை நீட்டியது பெருமையாகத்தான் இருந்தது. காலிப் பாக்கெட் எங்கே போகும் என்று யார் நினைத்தார்கள்?

அந்த உறையில் பல அடுக்குகள் ஒட்டியிருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு வகைப் பொருள், பிரித்தெடுப்பது பெரும்பாடு. பழைய பேப்பர்காரருக்கு அது எடை நிற்காது, உருக்குபவருக்கும் ஆகாது. பிஸ்கட், சிப்ஸ் உறைகளும் இதே ஜாதிதான்.

அடுத்து வந்தது கேரி பேக். எல்லாவற்றையும் விட மோசம் இதுதான் என்பது என் எண்ணம். பை மட்கவில்லை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அது நம் கையிலிருந்து பிரிக்கும் பழக்கத்தையே பிடுங்கிவிட்டது. சாம்பார் மிச்சம், பிளேடு, பேட்டரி, காகிதம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு முடிச்சுப் போட்டால் வேலை முடிந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

1998 என்று நினைவு. உடைந்த டியூப்லைட்டை அப்படித்தான் ஒரு பையில் முடிந்து வாசலில் வைத்தேன். எங்கள் தெருவில் குப்பை எடுக்கும் அம்மா பையைத் தூக்கியதும் கண்ணாடி அவர் உள்ளங்கையில் இறங்கிவிட்டது. "அய்யா, கண்ணாடின்னா தனியா வச்சு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் டெட்டால் எடுத்து வருவதற்குள் சேலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டிக்கொண்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விட்டார். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் அந்தக் கட்டு என் கண்ணில் நிற்கிறது.

அப்போது நாட்டில் இதற்கென்று விதி எதுவும் சரியாக இல்லை. சென்னையில் எம்.பி. நிர்மல் 1989இல் தொடங்கிய எக்ஸ்னோரா, தெருவாசிகளிடம் மாதம் சிறு தொகை வாங்கி, மூன்று சக்கர வண்டியில் வீடு வீடாகக் குப்பை எடுக்க ஆள் வைத்தது. அல்மித்ரா படேல் என்ற அம்மையார் 1996இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அதன் பிறகுதான் 2000இல் நகரக் குப்பைக்கு விதிகள் வந்தன. மக்குவது, மக்காதது, அபாயமானது என்று வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று 2016 விதிகள் தெளிவாகச் சொல்லின. டியூப்லைட்டில் பாதரசம் இருப்பதால் அந்த விதிகளில் அது மூன்றாம் வகையாக இருந்தது. எனக்குப் பதினெட்டு வருடம் முன்பே ஒருவர் சொல்லிவிட்டார்.

பிரித்தாலும் எல்லாம் ஒன்றல்ல. அலுமினியம் ராஜா: தாதுவிலிருந்து எடுக்க ஆகும் மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கு இருந்தால் போதும், பழையதை உருக்கிவிடலாம். கண்ணாடியை எத்தனை முறையும் உருக்கலாம், ஆனால் நிறம் கலக்கக் கூடாது, சுமையும் அதிகம். காகிதத்தின் நார் ஒவ்வொரு முறையும் குட்டையாகிக்கொண்டே போகும், சில சுற்றுகளுக்கு மேல் தாங்காது. பால் கவர் ஒரே வகைப் பிளாஸ்டிக், அலசிக் காயவைத்தால் விலை உண்டு. தெர்மாகோல் பெரும்பகுதி காற்று. லாரி வாடகைக்கே கட்டாது.

யாரும் வாங்காத உறைகளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தவர் எங்கள் மதுரைக்காரர். தியாகராஜர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன், நறுக்கிய பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லிமேல் தூவினால் அது உருகிக் கல்லைப் போர்த்திக்கொள்ளும், அதன்மேல் தார் நன்றாகப் பிடிக்கும் என்று காட்டினார். 2002இல் கல்லூரி வளாகத்திலேயே சாலை போட்டார். ஒரு கிலோமீட்டர் ஒருவழிச் சாலைக்குச் சுமார் ஒரு டன் பிளாஸ்டிக் போகும். 2018இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பிளாஸ்டிக் மறுபடி பிளாஸ்டிக் ஆகவில்லைதான். ஆனாலும் மாடு தின்பதற்கும் வாய்க்கால் அடைவதற்கும் இது எவ்வளவோ மேல். பி.வி.சி.யை மட்டும் இதில் சேர்க்கக் கூடாது. சூடேறினால் நச்சுப்புகை வரும்.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது. பால், தயிர், எண்ணெய், மருந்து உறைகளுக்கு விலக்கு. பிறகு மஞ்சப்பையும் திரும்பி வந்தது. ஒரு காலத்தில் மஞ்சப்பை தூக்கினால் பட்டிக்காட்டான் என்று சிரித்தவர்களே இப்போது தூக்குகிறார்கள். பூக்கடையில் மட்டும் அந்த மெல்லிசுப் பை இன்னும் மேஜைக்கு அடியிலிருந்து வருகிறது.

இப்போது என் வீட்டுச் சமையலறைக்கு வெளியே இரண்டு வாளிகள். மூன்றாவதாக ஓர் அட்டைப்பெட்டி. பிளேடு, பேட்டரி, பழைய மாத்திரை, உடைந்த கண்ணாடி எல்லாம் அதில். மேலே சிவப்பு மையில் "கண்ணாடி, கவனம்" என்று என் கையாலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.

போன வாரம் பழைய பேப்பர்காரர் வந்தார். செய்தித்தாளை எடை போட்டார், பால் கவரையும் பாட்டிலையும் எடுத்துக்கொண்டார். ஆறு மாதமாகச் சேர்த்த ஷாம்பு, பிஸ்கட் உறை மூட்டையைக் காட்டினேன். கையில் தூக்கிப் பார்த்தார்.

"சும்மா குடுத்தாலும் இது வேணாம் அய்யா. கொண்டுபோற இடத்துல என்னையத்தான் திட்டுவாங்க."

மூட்டை மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. பக்கத்தில் எங்காவது பிளாஸ்டிக் தார் போடுகிறார்கள் என்றால் சொல்லுங்கள், நானே ஆட்டோ பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறேன்.