பாம்புக்குக் காது கேட்குமா? பால் குடிக்குமா? கடித்தால் முதலில் என்ன செய்யணும்?

பாம்பு என்றால் படையும் நடுங்கும் என்பார்கள். ஆனால் பயத்தை விட ஆபத்தானது பாம்பைப் பற்றி நாம் நம்பிக்கொண்டிருக்கும் கதைகள்தான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்கு சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கலாம் என ஆய்வாளர்கள் கணித்துள்ளனர். பாம்பின் உடல் எப்படி வேலை செய்கிறது, எது உண்மை, எது கட்டுக்கதை? பார்க்கலாம்.

எலும்பே இல்லாத உயிரினமா?

வளைந்து நெளிந்து போவதால் பாம்புக்கு எலும்பே இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. மனிதனின் முதுகுத்தண்டில் 33 முள்ளெலும்புகள் என்றால், பாம்புக்கு 200 முதல் 400 வரை இருக்கும். வால் பகுதியைத் தவிர்த்து, பெரும்பாலான முள்ளெலும்புகளோடு ஒரு ஜோடி விலா எலும்பு இணைந்திருக்கும். இத்தனை இணைப்புகள் இருப்பதால்தான் உடல் அப்படி வளைகிறது.

உடல் ஒல்லியாக இருப்பதால் உள்ளுறுப்புகளும் நீளவாக்கில் அமைந்துள்ளன. பெரும்பாலான பாம்புகளில் வலது நுரையீரல்தான் முழுதாக வேலை செய்யும். இடது நுரையீரல் மிகச் சிறியதாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

தன் தலையை விடப் பெரிய இரையை எப்படி விழுங்குகிறது? கீழ்த்தாடையின் இரண்டு பக்கங்களும் முன்னால் ஒட்டியிருக்காது. இழுபடும் தசைநாரால் இணைந்திருக்கும். தாடை கழன்றுவிடும் என்பது தவறு, அது விரிகிறது, அவ்வளவுதான். விழுங்கும்போது மூச்சு முட்டாமல் இருக்க, மூச்சுக்குழாயின் வாயை முன்னால் நீட்டிக்கொள்ளும்.

மகுடிக்கு ஆடுவது ஏன்?

தமிழில் பாம்புக்கு 'கட்செவி' என்று ஒரு பெயர் உண்டு. கண்ணையே செவியாகக் கொண்டது என்று பொருள். வெளியே காது தெரியாததால் வந்த பெயர். ஆனால் பாம்புக்கு உள்காது இருக்கிறது. தரையின் அதிர்வு தாடை எலும்பு வழியாக அதற்குப் போய்ச் சேரும். காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளையும் ஓரளவு உணரும்.

அப்படியானால் மகுடிக்கு ஆடுகிறதா? இல்லை. கண் முன்னால் அசையும் மகுடியை ஆபத்தாக நினைத்து, அதன் அசைவுக்கு ஏற்பத் தலையைத் திருப்புகிறது. நாம் அதை நடனம் என்கிறோம்.

நாக்கை அடிக்கடி நீட்டுவது மிரட்டுவதற்கு இல்லை. காற்றில் உள்ள வாசனைத் துகள்களை எடுத்து, வாயின் மேற்புறம் உள்ள ஜேக்கப்சன் உறுப்பில் சேர்க்கிறது. எலி எந்தப் பக்கம் போனது என்று தெரிந்துகொள்வது இப்படித்தான்.

பாலும் பழிவாங்கலும்

பாம்பு பாலூட்டி இல்லை, பாலைச் செரிக்கும் அமைப்பு அதற்குக் கிடையாது. தண்ணீர் கிடைக்காமல் தவிக்கும் பாம்பு எந்தத் திரவத்தையும் குடிக்கும். அதைப் பார்த்துதான் 'பால் குடிக்குது' என்கிறோம்.

அடித்தவரை நினைவில் வைத்துத் தேடி வரும் என்பதும் கதைதான். ஆளை அடையாளம் வைத்துப் பழிவாங்கும் அளவுக்கு அதன் மூளை வளர்ந்ததில்லை.

சாரையும் நல்ல பாம்பும் பின்னிப் பிணையும் என்பார்களே? அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைப்பாம்புகள் போடும் சண்டை. சாரைக்கு விஷம் கிடையாது. எலிகளைத் தின்று விவசாயிக்கு உதவும் பாம்பு அது.

வலிக்காத கடிதான் பெரிய ஆபத்து

நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும்தான் இந்தியாவில் அதிக உயிரிழப்புக்குக் காரணம். இதில் கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் தூங்குபவர்களைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. காலையில் வயிற்றுவலி, இமை தொங்குதல், பேச்சுக் குழறல் என்று ஆரம்பித்து, மூச்சுத் திணறலில் முடியலாம். 'ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்' என்று விட்டுவிடக் கூடாது.

கண்ணாடி விரியனின் விஷம் ரத்தம் உறைவதைக் கெடுக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

கடித்தால் என்ன செய்யணும்?

* கடிபட்டவரைப் பதற்றமில்லாமல் உட்கார அல்லது படுக்க வையுங்கள். நடக்கவோ ஓடவோ விடாதீர்கள்.
* கடிபட்ட கை, காலை ஒரு குச்சி வைத்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றிவிடுங்கள்.
* கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது.
* மந்திரிக்கவோ பச்சிலைக்கோ நேரம் செலவிடாமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
* பாம்பைப் பிடித்துக் கொண்டுபோகத் தேவையில்லை. இந்தியாவில் தரப்படும் விஷமுறிவு மருந்து இந்த நான்கு பாம்புகளின் விஷத்துக்கும் பொதுவானது.

அந்த மருந்து தயாரிக்கத் தேவையான விஷத்தை, சென்னை அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் பல ஆண்டுகளாக எடுத்துத் தருகிறது. விஷம் எடுத்தபின் பாம்புகளைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். இருளர் சமூகத்தின் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை, அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது. எங்கே அதிகம் கடிக்கிறது என்று தெரிந்தால்தான் மருந்தை அங்கே இருப்பு வைக்க முடியும்.

இரவில் வெளியே போனால் டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் படுப்பவர்கள் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள்.