உத்தராயணம் எந்நாள்?

பூமி தன்னைத் தானே சுற்றுகிறது, சூரியனையும் சுற்றுகிறது. இவ்விரு சுழற்சிகளும் ஒரே தளத்தில் அமைந்திருந்தால், நமக்குக் கோடையும் இல்லை, குளிரும் இல்லை. உத்தராயணம், தட்சிணாயனம் என்னும் சொற்களும் பிறந்திரா. பூமியின் அச்சு அதன் பாதைக்குச் செங்குத்தாக நில்லாமல் ஏறக்குறைய 23½ பாகை சாய்ந்திருப்பதே பருவங்களுக்குக் காரணம். பூமியே சுழல்கிறது என்று துணிந்துரைத்த ஆரியபடர் இச்சாய்வை 24 பாகை எனக் கொண்டார். எளிய கருவிகளே இருந்த ஐந்தாம் நூற்றாண்டுக்கு இது வியக்கத்தக்க நெருக்கமன்றோ!

சாய்வின் அளவு மிக மெதுவாகவே மாறும். அச்சு நோக்கும் திசைதான் நம்மைத் தொல்லைப்படுத்துவது. வேகம் தளர்ந்த பம்பரம் தலையைச் சுழற்றி ஆடுவதை யாவரும் கண்டிருப்போம். நடுப்பகுதி சற்றே பருத்த பூமியைச் சூரிய சந்திரர்கள் பற்றி இழுப்பதால், அதன் அச்சும் அவ்வாறே ஆடி, சுமார் 25,800 ஆண்டுகளில் ஒரு வட்டத்தை முடிக்கிறது. அதாவது 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை. இதனையே நம் முன்னோர் அயன சலனம் என்றனர்.

ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் இதன் விளைவை நன்கு உணர்ந்திருந்தார். பழைய சாத்திரங்களில் உத்தராயணம் அவிட்டத்தின் தொடக்கத்தில் நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்டிருக்க, தம் காலத்தில் அது மகரத்தின் தொடக்கத்தில் நிகழ்வதைப் பிருகத் சம்கிதையில் குறிப்பிடுகிறார். சூரியன் உதிக்கும் இடத்தையும் நிழலையும் அடையாளமிட்டு, நேரில் பார்த்தே தெளியலாம் என்கிறார். ஏட்டைவிட வானத்தை நம்பிய அறிஞர் அவர்! இரண்டு இடங்களுக்கும் இடையே 23⅓ பாகை. கணக்கிட்டால் 1,680 ஆண்டுகள்; பழைய வழக்கு கி.மு. பன்னிரண்டாம் நூற்றாண்டை ஒட்டியது என்றாகிறது. பின்னர், இச்சலனம் 27 பாகை எல்லைக்குள் ஊசலாடுவது என்றது சூரிய சித்தாந்தம். ஒரே திசையில் தொடர்வது என்றார் பத்தாம் நூற்றாண்டின் முஞ்சாலர். முஞ்சாலர் சொன்னதே மெய்யாயிற்று.

ஆயினும் பஞ்சாங்கங்கள் நட்சத்திரங்களையே பற்றி நின்றன. பருவமோ அச்சின் சாய்வைப் பின்பற்றியது. சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22. நாம் கொண்டாடுவதோ ஜனவரி நடுவில். விவேகானந்தர் பிறந்த மகர சங்கராந்தி நாள் 1863 ஜனவரி 12. இன்று அப்பண்டிகை ஜனவரி 14 அல்லது 15-இல் வருகிறது.

நாட்டில் சுமார் முப்பது பஞ்சாங்கங்கள் வழங்கிய நிலையில், 1952-இல் மேகநாத சாகாவின் தலைமையில் ஒரு சீர்திருத்தக் குழு அமைந்தது. அதன் அறிக்கை 1955-இல் வந்தது. வசந்த விஷுவத்தை அடுத்த நாளில் தொடங்கும் சக நாட்காட்டி 1957 மார்ச் 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதைக் காண சாகா இல்லை. முந்திய ஆண்டே மறைந்தார். சமயப் பண்டிகைகளுக்கும் அயனாம்சத்தை 23 பாகை 15 கலையில் நிறுத்திவிட வேண்டுமென்பது குழுவின் யோசனை. மரபையும் பருவத்தையும் இணைக்கும் நல்ல சமரசம் என்றே நாம் கருதுகிறோம். பஞ்சாங்கக் கணிதர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு ஒரு நாளாகச் சங்கராந்தி இன்னும் நழுவிக்கொண்டிருக்கிறது.